அசையாத எண்

துகள் முடுக்கி (நுண்துகள்களை மிக வேகமாக ஓடவிடும் எந்திரம்) இருக்கும் ஒரு ஆய்வுக்கூடத்தில் கன்ட்ரோல் சிஸ்டம் எழுதுவதுதான் பல வருடமாக என் வேலை. காந்தங்களுக்குப் போகும் மின்னோட்டம், குழாய்க்குள் வெற்றிடம், குளிர்விக்கும் தண்ணீர், கதவுப் பூட்டு என்று ஆயிரக்கணக்கான அளவுகள் கன்ட்ரோல் ரூம் திரைகளில் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு நாங்கள் பயன்படுத்துவது எபிக்ஸ் (EPICS) என்ற சாஃப்ட்வேர். அமெரிக்காவில் லாஸ் அலமாஸ், ஆர்கோன் என்ற இரண்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து உருவாக்கியது, இன்று பிரான்சில் எழும்பும் அணு இணைவு எந்திரமான ஐட்டர் வரைக்கும் போயிருக்கிறது.

சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு நைட் ஷிஃப்ட். விடியற்காலை 4 மணி இருக்கும். மதுரைப் பக்கத்து சீனியர் ஆபரேட்டர் ஒருவர் திரையைக் காட்டி, "தம்பி, இந்த டெம்பரேச்சர் ரொம்ப நேரமா அசையவே இல்லையே" என்றார். ஒரு காந்தத்திலிருந்து திரும்பி வரும் தண்ணீரின் வெப்பநிலை அது. 31.4, பச்சை நிறத்தில். அலாரம் எதுவும் இல்லை. "நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பக்கத்துக் காந்தத்தின் எண்ணைக் காட்டினார். அதில் கடைசி இலக்கம் 2, 3, 2, 4 என்று துடித்துக்கொண்டிருந்தது. இதில் துடிப்பே இல்லை.

பம்ப் ரூமுக்கு ஓடிப்போய்க் குழாயில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். நாங்கள் மின்னோட்டத்தைக் குறைப்பதற்குள் காந்தத்தின் மேலேயே பொருத்தியிருந்த வெப்பச் சுவிட்ச் பவர் சப்ளையை வெட்டிவிட்டது. அது நேராக ஒயர் இழுத்துப் போட்டது, என் சாஃப்ட்வேரைக் கேட்டு வேலை செய்வதில்லை. அதனால்தான் காந்தம் பிழைத்தது.

தண்ணீர் வடிகட்டியில் அடைப்பு. சரி, அது எங்கேயும் வரும். சென்சார் எண்ணைக் கொண்டுவரும் கருவி நள்ளிரவிலேயே ஹேங் ஆகி நின்றிருந்தது, அதுவும் வரும். ஆனால் பதில் வராதபோது பழைய எண்ணையே திரும்பக் காட்டும்படி நிரல் எழுதியவன் நான். இந்த நிலைமைக்கென்றே எபிக்ஸில் 'இன்வாலிட்' (இந்த எண் செல்லாது) என்று ஒரு அலாரம் நிலை இருக்கிறது. திரை அடிக்கடி நிறம் மாறி ஆபரேட்டர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதே என்று அதை நானாகவே தவிர்த்திருந்தேன்.

ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தின் பெரிய துகள் மோதுவளையத்தில் (LHC) 2008 செப்டம்பர் 19 அன்று இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு மின் இணைப்பு பழுதாகி, அங்கே எழுந்த மின்வில் (தொடர்ந்து பாயும் பெரிய மின்பொறி) காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியத்தின் உறையைத் துளைத்து, டன் கணக்கில் ஹீலியம் வெளியேறி, எந்திரம் ஒரு வருடத்துக்கு மேல் நின்றுபோனது. அப்புறம் பழைய பதிவுகளைத் தோண்டியபோது, சில நாள் முன்பே அதே இடத்தில் வெப்பநிலை ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு ஏறியிருந்தது தெரியவந்தது. எண் பத்திரமாகப் பதிவாகியிருந்தது, அதைப் பார்த்துச் சந்தேகப்படும் வேலை எந்த நிரலுக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதைப் படித்த அன்று எனக்கு அந்த 31.4 தான் கண்முன் வந்தது.

இப்போது எங்கள் சிஸ்டத்தில் ஒரு எண் வெகுநேரம் அப்படியே நின்றால் மஞ்சளாகிவிடும். எது 'வெகுநேரம்' என்பதில்தான் எனக்குக் குழப்பம், எந்தக் கையேட்டிலும் அதற்கு விடை இல்லை. கடைசியில் அந்த அண்ணனிடமே போய் உட்கார்ந்தேன். எந்தத் தண்ணீர்க் குழாய்க்கு எத்தனை நிமிஷம், எந்த வெற்றிட அளவிக்கு எவ்வளவு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த எண்களைத்தான் சிஸ்டம் இன்றும் பயன்படுத்துகிறது.