நொய்யல் ஃபோல்டர்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 3

என் ஆய்வு கைடு சாரை ஐசியூவில் வைத்திருக்கிறார்கள், உள்ளே விடவில்லை. மேடம், அவர் மனைவி, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "சாப்ட்டியா கண்ணு?" என்றார். அவரை நான் கேட்டிருக்க வேண்டியது. அவர்கள் மகன், நான் தம்பி என்று கூப்பிடுபவன், பெங்களூரில் இருந்து வந்துவிட்டான், தாடியும் மீசையுமாக அடையாளமே தெரியவில்லை. காந்திபுரத்தில் பெருந்துறை பஸ் ஏறி உட்கார்ந்ததும் கை தானாகப் போனில் ஸோட்டெரோவைத் திறந்தது, பேப்பர்களையும் குறிப்புகளையும் சேர்த்து வைக்கும் மென்பொருள். சாரும் நாங்களும் பகிர்ந்துகொள்ளும் குரூப் லைப்ரரியில் புதிதாக எதுவும் இல்லை. எப்படி இருக்கும்?

நவம்பர் 4

தூக்கம் வராமல் பழைய கிணற்றுத் தண்ணீர் பேப்பரைத் திறந்தேன். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அட்டவணையில் ஒரு வரிசைக்கு மட்டும் மஞ்சள் அடித்து, பக்கத்தில் சார் எழுதியிருக்கிறார்: "இந்த அளவை நம்பாதே. காரணத்தை அடுத்த பேப்பரில் எழுதியிருக்கிறேன்."

அடுத்த பேப்பர் என்றால் எது? ஸோட்டெரோவில் எந்த நெடுவரிசையின் தலைப்பைத் தட்டுகிறோமோ அதுதான் வரிசை. ஆண்டுப்படி அடுக்கினால் உவர்நில மண் பற்றிய கட்டுரை வருகிறது. ஆசிரியர் பெயர்ப்படி அடுக்கினால் ஒரு சட்டக் கட்டுரை. தலைப்புப்படி அடுக்கினால் தமிழில் இருக்கும் ஸ்கேன் அறிக்கை. மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினேன். சாரின் கோடு ஒன்றுகூட இல்லை.

அப்படியென்றால் எழுதியது அவர் லேப்டாப்பில் இருக்கிறது. போன மாதக் கடைசியில் காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தங்கியிருந்தார். அங்கே டவர் கிடையாது. அவர் வழக்கம் எனக்குத் தெரியும், நெட் இல்லாத இடத்தில்தான் நிம்மதியாகப் படிப்பார். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் எல்லாம் தானாக மேலே ஏறிவிடும். இந்தத் தடவை வீட்டுக்கு வந்த கையோடு ஆஸ்பத்திரி.

நவம்பர் 5

மழை. நெட் இல்லை. அம்மா கொள்ளு ரசம் வைத்தார்.

நவம்பர் 6

காலையில் நெட் வந்ததும் செட்டிங்ஸைப் பார்த்தேன். குரூப் கோப்புகளுக்கு "தேவைப்படும்போது" என்று இருக்கிறது. அதாவது தலைப்பு, ஆசிரியர், குறிப்பு, மஞ்சள் கோடு எல்லாம் என் மெஷினுக்கு வந்துவிடும், பிடிஎஃப் மட்டும் நான் திறந்தால்தான் இறங்கும். இத்தனை நாள் லைப்ரரி முழுக்க என் கையில் இருப்பதாக நினைத்தபடி பஸ்ஸில் தூங்கியிருக்கிறேன்! பாதி ஐகான் மங்கலாகத்தான் இருக்கிறது. "ஒத்திசைக்கும்போதே" என்று மாற்றினேன். சாயங்காலம் வரை இறங்கிக்கொண்டே இருந்தது.

இதைப் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு யாராவது முதல் நாளே சொல்ல வேண்டும். தகவல் ஒத்திசைவு வேறு, கோப்பு ஒத்திசைவு வேறு. முதலாவதற்கு இட வரம்பு இல்லை. இரண்டாவது இலவசமாக 300 எம்பிதான். 1887-ல் வந்த நிக்கல்சனின் கோயம்புத்தூர் மானுவலை ஸ்கேன் பண்ணி ஒன்று போட்டாலே மூச்சு வாங்கும்.

நவம்பர் 8

டிபார்ட்மெண்டில் சீனியர் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். ஸோட்டெரோ ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவில் போட்டுவிட்டால் எல்லா மெஷினிலும் வந்துவிடுமாம். "வேண்டாங்ண்ணா" என்றேன். உள்ளே zotero.sqlite என்று ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. அதில் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவும் அதைப் பாதியில் நகல் எடுத்தால் டேட்டாபேஸ் சிதைந்துவிடும். ஸோட்டெரோக்காரர்களே செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். பிடிஎஃப்களை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்து லிங்க் மட்டும் கொடுக்கலாம், ஆனால் குரூப் லைப்ரரியில் லிங்க் கோப்புகளுக்கு இடமில்லை. கோப்புகளுக்குச் சொந்தமாக வெப்டேவ் சர்வர் வைத்துக்கொள்வதும் அவரவர் லைப்ரரிக்குத்தான், குரூப்புக்கு ஆகாது.

அண்ணன் கேட்டுவிட்டு, "இவ்வளவு கஷ்டம் எதுக்கு, பேப்பர் எல்லாம் பிரிண்ட் எடுத்துக் கட்டி வெச்சுக்கலாம்ல" என்றார். அவர் அறையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ராத்திரி ஸோட்டெரோவை மூடிவிட்டு, முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் எடுத்தேன். மூடிவிட்டு எடுப்பதுதான் முக்கியம்.

நவம்பர் 9

"அந்தப் பொட்டியையே பாத்துட்டு உக்காந்திருந்தா உங்க சாரு எந்திரிச்சு வந்துருவாரா" என்றார் அம்மா.

நவம்பர் 11

சார் கண் திறந்தார். இடது கை அசைகிறது. பேச்சு இல்லை.

மேடத்தோடு கேன்டீனில் காபி குடித்தேன். லேப்டாப் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஒருத்தர் வீட்டுக்காரர் உள்ளே குழாய்களோடு கிடக்கும்போது, "லேப்டாப்பை ஒரு நிமிஷம் ஆன் பண்ணுங்க மேடம், சிங்க் ஆகட்டும்" என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை. காபி ஆறிப்போய்க் கசந்தது.

வரும் வழியெல்லாம் அதே கேள்வி. எந்த அடுத்த பேப்பர்?

நவம்பர் 13

கோபத்தில் ஒரு வேலை நடந்தது. குரூப்பில் இருக்கும் தமிழ்ப் பதிவுகளை எல்லாம் திருத்தினேன். ஆங்கிலக் கட்டுரை என்றால் பிடிஎஃப்பை இழுத்துப் போட்டதும் டிஓஐ என்ற கட்டுரை அடையாள எண்ணை வைத்துத் தலைப்பு, இதழ், ஆண்டு எல்லாம் தானே வந்து உட்காரும். தமிழ் அறிக்கைக்கு டிஓஐ ஏது? "scan0012" என்ற பெயரிலேயே கிடக்கும். நாம்தான் தட்ட வேண்டும். பெயர் இன்னொரு தொல்லை. இரண்டு கட்டம் கொடுத்து முதற்பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கிறது. நமக்கு இருப்பது இனிஷியல். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி மேற்கோள் பட்டியலில் அப்பாவையே ஆசிரியராக்கிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானைத் தட்டி ஒற்றைக் கட்டமாக்கினால் பிரச்சினை இல்லை. வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன்.

பிறகு தேடல். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பில் "நொய்யல்" என்று கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்காது. கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஸ்கேன் என்றால் எழுத்தே இல்லை, படம்தான். படத்தில் இருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெஸராக்ட் மென்பொருளில் தமிழ் இருக்கிறது, ஓட்டிப் பார்த்தேன். பத்தி எல்லாம் பரவாயில்லை, அட்டவணைக்குள் போனால் உளறுகிறது. எனக்கு வேண்டியதோ அட்டவணை.

எல்லாம் மேலே ஏறியது. அம்பு சுற்றி நின்றது.

நவம்பர் 15

குரூப்புக்குச் சொந்தக்காரர் சார். கோப்புகளுக்கான இடம் அவர் கணக்கில் இருந்துதான் போகிறது. 6 ஜிபி, ஆண்டுக்கு 60 டாலர். யாருக்கும் சொல்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறார். 2022-ல் இதே மாதிரி இன்னொரு மென்பொருளான மெண்டலேயின் பழைய டெஸ்க்டாப் பதிப்பு நிறுத்தப்பட்டபோது எங்கள் எல்லோரையும் இங்கே இழுத்து வந்ததும் அவர்தான். குரூப்பை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானாலும் சொந்தக்காரர்தான் உள்ளே நுழைந்து செய்ய வேண்டும்.

பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்று இன்று டிபார்ட்மெண்டில் ஒருவர் கேட்டார். கூடவே கோ-கைடு மாற்றும் பேச்சும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

எல்லாவற்றையும் என் லைப்ரரிக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். கோப்பு, குறிப்பு, மஞ்சள் கோடு எல்லாம் நகலாக வரும். ஆனால் நகல் எடுத்த நாளோடு உறவு முடிந்தது. அதற்குப் பிறகு சார் எழுதுவது எதுவும் அதில் வராது. எழுதுவார் என்று எடுத்துக்கொண்டு அப்படியே விட்டேன்.

நவம்பர் 17

வார்டுக்கு மாற்றுகிறார்கள். அமிச்சி (அம்மாவின் அம்மா) சென்னிமலைக்கு நேர்ந்துகொண்டாளாம், என்னிடம் சொல்லவே இல்லை.

நவம்பர் 18

மத்தியானம் தம்பி போன் பண்ணினான். இன்சூரன்ஸ் பேப்பர் ஸ்கேன் எடுக்க அப்பாவின் லேப்டாப்பைத் திறந்தானாம்.

"அக்கா, ஏதோ ஒரு பெட்டி வந்து நிக்குது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு, எது வேணும்னு கேக்குது. மூடிரட்டுமா?"

"மூடாதே!" என்று கத்திவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் 13-ஆம் தேதி திருத்திய அதே பதிவுகளைச் சாரும் தோட்டத்தில் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மாற்றம் இருந்தால் மென்பொருள் தானாக முடிவெடுக்காது, ஆளைக் கேட்கும். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். ஒரு பதிவில் நான் ஆண்டு மட்டும் போட்டிருக்கிறேன். சார் மாதத்தோடு போட்டிருக்கிறார். இன்னொன்றில் நான் ஒற்றைக் கட்டமாக்கிய பெயரை அவரும் ஒற்றைக் கட்டமாக்கி, இனிஷியலை முன்னால் வைத்திருக்கிறார்.

"எல்லாத்துலயும் உங்க மெஷின்ல இருக்கறதையே எடுத்துக்க தம்பி. அப்பா போட்டது."

"சரிங்க்கா." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அப்பா இதையெல்லாம் தமிழ்லயே எழுதி வெச்சிருக்காரா?" என்றான்.

நவம்பர் 18, ராத்திரி

வந்துவிட்டது. அடுத்த பேப்பர் என்றது தலைப்பு வரிசையில் அடுத்தது, அந்த ஸ்கேன் அறிக்கைதான். ஸ்கேனில் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால் சார் அட்டவணையைச் சுற்றிக் கட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருக்கிறார்:

"ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கும் கிணறு. டிடிஎஸ் 2000-க்குள் இருப்பதால் குடிக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். மழைக்கு அப்புறம் எடுத்த தண்ணி. சித்திரையில் எடுத்திருந்தால் வேறு கதை. பேப்பரில் மாதம் இல்லை. தோட்டக்காரரைக் கேள், பாட்டில் கொண்டுவந்தவர்கள் எப்போது வந்தார்கள் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்."

அதற்குக் கீழே இன்னொன்று: "2011-ல் ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு முந்தியதா பிந்தியதா என்பதும் தெரிய வேண்டும்."

என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த வரிசையின் மேல்தான் நிற்கிறது.

இந்த மஞ்சளும் கட்டமும் பிடிஎஃப்புக்குள் இல்லை, டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. வேறு ரீடரில் திறந்தால் வெறும் அறிக்கைதான் தெரியும். அதனால் எக்ஸ்போர்ட் கொடுத்துக் குறிப்புகளைக் கோப்புக்குள்ளேயே பதித்து ஒரு நகல் எடுத்தேன்.

நவம்பர் 20

சாருக்குப் பேச்சு வருகிறது, குழறல்தான். "அடுத்த பேப்பர் கிடைச்சுதுங்க சார்" என்றேன். புரிந்ததா தெரியவில்லை. இடது கையால் ஏதோ எண்ணிக் காட்டினார். மேடம், "பேச விடாதே கண்ணு, டாக்டர் திட்டுவாரு" என்றார்.

நவம்பர் 21

7.40 பஸ். தோட்டக்காரர் போனை எடுத்துவிட்டார், "வாங்க அம்மிணி, கிணத்துல இப்பத் தண்ணி மேல நிக்குது" என்றார். அட்டவணையைப் பிரிண்ட் எடுத்தாயிற்று. ஏ4-ல் எழுத்து பொடியாக இருந்ததால் ஏ3. காலி பாட்டிலும் எடுத்துக்கொண்டேன், லேபிளில் மாதத்தை முதலிலேயே எழுதிவிட்டேன்.