கம்பெனி இன்சூரன்ஸில் எடை குறைப்பு ஆபரேஷன்: 'முடியாது' என்ற பதிலுக்கு அப்புறம்

ஆபீஸில் கொடுக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ள முடியுமா என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். முடியும். நான் செய்துகொண்டேன். ஆனால் எனக்கு முதலில் வந்த பதில் 'முடியாது' என்பதுதான். அது எப்படி மாறியது என்று விவரமாகச் சொன்னால் இன்னொருவருக்கு உதவும்.

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். சர்க்கரை வந்து பல வருடமாகிறது. மூன்று வகை மாத்திரை, அதற்கு மேல் ராத்திரி இன்சுலின். அப்படியும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. மதியம் கம்ப்யூட்டர் முன்னால் கண் சொக்கிக்கொண்டு வரும். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்துப் பயந்து என் வீட்டுக்காரர் எழுப்பி உட்கார வைப்பார். சர்க்கரை டாக்டர்தான் ஸ்லீவ் ஆபரேஷன் பேச்சை முதலில் எடுத்தார். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடுவார்கள். பசியும் குறையும், சர்க்கரையும் கட்டுக்குள் வரும் என்றார்.

"சாப்பாட்டைக் குறைச்சா போதாதாம்மா, வயித்தைக் கிழிச்சுக்கணுமா?" என்று மாமியார் கேட்டார். அக்கறையில் கேட்டதுதான். ஆனால் இதே எண்ணம் இன்சூரன்ஸ் ஃபைலைப் பார்க்கிறவர்களிடமும் இருக்கிறது. இது அழகுக்காகச் செய்துகொள்வது, மனசு வைத்தால் தானாகக் குறையும் என்ற எண்ணம். அது தப்பு என்று காகிதத்தில் காட்டுவதுதான் இந்த வேலை முழுவதும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த எஸ்டிமேட் நான்கு லட்சத்தை ஒட்டி இருந்தது. இரைப்பையை வெட்டிக்கொண்டே தைத்துப்போகும் ஸ்டேப்லருக்கு ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு கார்ட்ரிட்ஜ் போட வேண்டும். ஒருவருக்கே ஐந்தாறு தேவைப்படும். பில்லில் பெரிய பங்கு அதுதான். எங்கள் கம்பெனி பாலிசி குடும்பத்துக்கு ஐந்து லட்சம். பாலிசித் தொகை போதும், ஆனால் தருவார்களா?

எச்.ஆர். அனுப்பும் ஒரு பக்கப் பட்டியலில் 'உடல் பருமன் சிகிச்சை: கிடையாது' என்று ஒற்றை வரி இருந்தது. பெரும்பாலானவர்கள் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். நான் முழு பாலிசியைக் கேட்டேன். "எங்ககிட்டயும் இந்த ஒரு பக்கம்தான் இருக்கு அக்கா. புரோக்கர்கிட்ட கேட்டு வாங்கித் தர்றேன்" என்றாள் எச்.ஆரில் இருக்கும் பெண். கம்பெனிக்கு இன்சூரன்ஸ் பாலிசி பேசி முடித்துத் தருபவர்தான் புரோக்கர். சொன்னபடி அவரிடம் வாங்கியும் கொடுத்தாள். அதில்தான் விஷயம் இருந்தது.

இந்தியாவில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற வாசகங்களை 2019-ல் எல்லா இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி ஆக்கியது. அதில் 06 என்ற எண் போட்டது உடல் பருமன். அதை நிதானமாகப் படித்தால் மொத்தமாகத் தடை இல்லை என்பது தெரியும். சில நிபந்தனைகளுக்குள் வராத ஆபரேஷனுக்குத்தான் பணம் கிடையாது. டாக்டர் சொல்லிச் செய்ய வேண்டும். மருத்துவ நெறிமுறைப்படி இருக்க வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே நான்கு நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), கட்டுக்கு வராத டைப் 2 சர்க்கரை. இந்த 35 கணக்கில் வருகிறவர்கள் ஆபரேஷன் இல்லாத வழிகளை முயன்று பலன் இல்லை என்றும் காட்ட வேண்டும். ஆபீஸ் மூலம் வரும் குரூப் பாலிசியில் கம்பெனி கேட்டுக்கொண்டால் இதைத் தளர்த்தியும் எழுதலாம், இறுக்கியும் எழுதலாம். அதனால் உங்கள் கம்பெனியின் பாலிசியையே படியுங்கள், பக்கத்துக் கம்பெனிக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 40, 35 என்ற இந்த எண்கள் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1991-ல் சொன்னவை. நம் உடம்புக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. 2022-ல் அமெரிக்க, சர்வதேச எடை குறைப்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து எண்களைத் திருத்தின. பிஎம்ஐ 35 இருந்தாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்றார்கள், ஆசியர்களுக்கு 27.5 இருந்தாலே அந்த வாய்ப்பைத் தரலாம் என்றார்கள். டாக்டர் 'தேவை' என்று சொல்லும் இடத்துக்கும் இன்சூரன்ஸ் 'சரி' என்று சொல்லும் இடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். இது மாற வேண்டும்.

என் எடை 97 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். பிஎம்ஐ 35.6. எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே. முதல் நாள் நர்ஸ் என்னைச் செருப்போடு நிறுத்தி அளந்து 167 என்று எழுதினார். கணக்குப் போட்டால் 34.8 வருகிறது! அந்த இரண்டு சென்டிமீட்டரிலேயே முழு நான்கு லட்சமும் போயிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லி, பழைய எண்ணை அடித்து டாக்டரின் கையெழுத்தையும் வாங்கினேன். இன்னொன்றும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்குவதற்காகக் கடுமையான பத்திய உணவு கொடுப்பார்கள். அதில் சில கிலோ இறங்கும். எனக்கு இறங்கிய எடையில் பிஎம்ஐ 35-க்குக் கீழே போய்விட்டது. அட்மிஷன் அன்று எடுக்கும் எடையை வைத்து மறுத்துவிடாதபடி, சர்ஜன் தன் கடிதத்தில் சிகிச்சையை முடிவு செய்த நாளின் எடையையும், பத்தியத்தால் குறைந்த எடையையும் தனித்தனியாகத் தேதியோடு எழுதினார். எல்லைக்கோட்டில் இருக்கிறவர்கள் இந்த வரியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

ஸ்லீப் ஆப்னியாவை நிரூபிக்க ஒரு ராத்திரி தலையிலும் மார்பிலும் ஒயரை ஒட்டிக்கொண்டு தூங்கும் பரிசோதனை இருக்கிறது. மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது என்று அது எண்ணும். 30-ஐத் தொட்டால் 'கடுமையானது'. என்னுடையது நாற்பதைத் தாண்டியது. 'தூக்கத்தில் குறட்டை' என்று டாக்டர் எழுதித் தந்தால் போதாது, இந்த ரிப்போர்ட் வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் ஆஸ்பத்திரி அனுப்பிய ப்ரீ-ஆத்துக்கு (முன் அனுமதிக் கோரிக்கை), இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைப் பார்க்கும் டிபிஏவிடமிருந்து ஒரே வரியில் மறுப்பு வந்தது: 'உடல் பருமன் சிகிச்சை பாலிசியில் இல்லை.' இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த தம்பி, "கையிலருந்து கட்டிட்டு அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டுக்கலாம் மேடம்" என்றார். ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸை மறுப்பது க்ளெய்ம் மறுப்பு ஆகாது என்பதில் அவர் சொன்னது சரிதான். ஆனால் நான்கு லட்சத்தை முதலில் புரட்ட என்னால் முடியாது.

பாலிசியின் 06-ஆம் பிரிவை வரிக்கு வரி எடுத்து எழுதி, ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேராக எந்த ரிப்போர்ட், எந்தத் தேதி என்று குறித்து ஒரே பக்கக் கடிதம் தயாரித்தேன். சர்ஜன் கையெழுத்திட்டார். எச்.ஆர்., புரோக்கர் இருவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். குரூப் பாலிசியில் புரோக்கரின் குரலுக்கு மதிப்பு உண்டு. அடுத்த வருடமும் எங்கள் கம்பெனி தன்னிடமே இருக்க வேண்டும் என்பது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கவலை.

மறுப்பு போய், க்வெரி வந்தது. 'ஆபரேஷன் அல்லாத முயற்சிகள் தோல்வி அடைந்ததற்கு ஆதாரம் தரவும்.' ஜிம் ரசீதையும் வாக்கிங் போன கதையையும் யாரும் ஏற்பதில்லை. எனக்குக் கைகொடுத்தது சர்க்கரை டாக்டரின் பழைய மருந்துச் சீட்டுகள். ஒவ்வொரு தடவையும் உள்ளே அனுப்புவதற்கு முன் நர்ஸ் சீட்டின் ஓரத்தில் பால்பாயிண்டில் 'வெ-94', 'வெ-91', 'வெ-96' என்று கிறுக்கியிருந்தார். ஓரிடத்தில் 'டயட் ஷீட் கொடுக்கப்பட்டது' என்று டாக்டரே எழுதியிருந்தார். இறங்கி ஏறி இறங்கி ஏறிய பல வருட எடை அந்த ஓரங்களில் இருந்தது. தேதி வரிசையில் அடுக்கி, டயட்டீஷியனின் கடிதத்தோடு ஸ்கேன் செய்து அனுப்பினோம். அனுமதி வந்தது.

2024 மே மாதம் ஐஆர்டிஏஐ போட்ட உத்தரவு ஒன்று உண்டு. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்துக்குள் கடைசி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் ஆஸ்பத்திரி கேட்கும் கூடுதல் தொகை இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. க்ளெய்மை மறுப்பதானால் பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்று சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று மதியம் தாண்டியும் கவுண்டரில் அசைவில்லாதபோது, இந்த மூன்று மணி நேரத்தை என் வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினார். அதன் பிறகு வேலை நடந்தது. இதற்கும் மசியாதவர்கள் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், குரூப் பாலிசியில் இருக்கிறவர்களும் போகலாம்.

கையிலிருந்து போனதும் உண்டு. கையுறை, மாஸ்க் வகையறாவைப் பில்லில் கழித்துவிட்டார்கள். அறை வாடகைக்கு எங்கள் பாலிசியில் உச்சவரம்பு இருப்பதால் ஷேரிங் ரூமே எடுத்துக்கொண்டேன். பெரிய ரூம் எடுத்தால் டாக்டர் ஃபீஸ் உட்படப் பல செலவுகளை அதே விகிதத்தில் வெட்டுவார்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரைக்குமான மாத்திரை, டெஸ்ட் செலவு திரும்பக் கிடைத்தது. பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுசுக்கும் வேண்டும். அது நம் செலவு. முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினை டாக்டர் நிறுத்திவிட்டார். மாத்திரையும் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

எங்கள் பாலிசி ஏப்ரலில் புதுப்பிக்கப்படுகிறது. பட்டியலில் இருந்த 'கிடையாது' என்ற வரியை எடுத்துவிட்டு, நிபந்தனைகளை முழுசாகப் போடச் சொல்லி எச்.ஆரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு 35 என்ற எல்லையைக் குறைக்க எவ்வளவு பிரீமியம் கூடும் என்றும் புரோக்கரிடம் கேட்டிருக்கிறார்கள். ஷாப் ஃப்ளோரில் இருக்கும் ஒரு தம்பிக்கு பிஎம்ஐ 34. அவருக்காகத்தான் இப்போது காத்திருக்கிறோம்.