கேஸ் கீசரை எங்கே மாட்டுவது?

நீலகிரியில் கேஸ் கீசர் மாட்டுவதும் சர்வீஸ் செய்வதும் என் தொழில். டிசம்பர், ஜனவரியில் புல்தரையில் உறைபனி படியும் ஊர் இது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு பேட்டரியும் ஒரு சிலிண்டரும் இருந்தால் ஓடும் கீசருக்கு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கிராக்கி குறைவதே இல்லை.

வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி, "கேஸ் லீக் ஆகாதே?" என்பதுதான். நியாயமான பயம். ஆனால் லீக்கைக் கண்டுபிடிக்க நமக்கு மூக்கு இருக்கிறது. எல்பிஜிக்குச் சொந்தமாக வாசனை கிடையாது என்பதால், கசிந்தால் தெரியவேண்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். எரிந்து முடிந்த கேஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காற்று போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கண் எரிச்சல்கூட இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்கிறது. லீக்குக்குப் பயந்து நல்ல ரெகுலேட்டர், நல்ல டியூப் வாங்கிப் போட்டவர்களே, கீசரைக் குளியலறைச் சுவரில் மாட்டச் சொல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் சாதாரண கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் குடிக்கும். கால் மணி நேரக் குளியலுக்குக் கால் கிலோ வரும். ஒரு கிலோ எல்பிஜி ஒழுங்காக எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். அப்படியென்றால் ஒரு குளியலுக்கு 3 கன மீட்டர். ஐந்துக்கு ஆறு அடி, எட்டடி உயரம் உள்ள பாத்ரூமில் மொத்தமே 7 கன மீட்டர் காற்றுகூட இல்லை. குளிருக்கு ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழ்போட்டுக் குளிப்பவரோடு போட்டி போட்டு அந்தக் காற்றில் பாதியை நெருப்பு கேட்கிறது. அவ்வளவும் கிடைக்காது. கிடைக்காமல் போகத் தொடங்கியதுமே நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கத் தொடங்கிவிடும்.

இது சமவெளிக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று கடற்கரையில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. பர்னருக்குக் கேஸை விடும் சின்னத் துளையான ஜெட் வழியாக வரும் கேஸோ அதே அளவுக்குக் குறைவதில்லை. சென்னையில் பளிச்சென்று நீலமாக எரியும் அதே கீசர் இங்கே மஞ்சள் நுனியோடு எரிவதையும், நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் தகடுகளில் கரி பிடிப்பதையும் பார்க்கிறேன். கரி பிடித்தால் சூடான புகை மேலே போகும் வழி அடைபடும். அடைபட்டால் எரிவது இன்னும் கெடும். சுடர் மஞ்சளாக இருந்தால் அன்றைக்கே கீசரை நிறுத்திவிடுங்கள். நீலமாக இருக்கிறது என்பதற்காக பாத்ரூமுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்துவிட வேண்டாம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டே. அங்கே தங்க வந்த தம்பதியில் மனைவி குளித்துவிட்டு வெளியே வந்ததும் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று கட்டிலில் சாய்ந்திருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த மயக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மலைக்கு வருகிறவர்களுக்கு அது சகஜம்தானே. அடுத்துக் குளிக்கப்போன கணவருக்கும் அதே தலைவலி, கால் தள்ளாட்டம். அவர் ஓட்டிவந்த வண்டியில் அவருக்கே வயிற்றைப் புரட்டியதாகச் சரித்திரம் இல்லையாம். நல்லவேளையாக இருவரும் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் வைத்துத் தேறினார்கள்.

மறுநாள் ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "புகைக்குழாய் இருக்கு, எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கு. அப்புறம் எப்படித் தம்பி?" என்று கேட்டார். குழாய் இருந்தது உண்மை. ஃபேனும் புதியது, வேகமாக ஓடியது. கதவையும் ஜன்னலையும் சாத்தி, கீசரையும் ஃபேனையும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, கீசரின் தலைப்பக்கம் குழாய் தொடங்கும் திறப்பின் ஓரத்தில் பிடித்தேன். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். இங்கே அது எங்கள் முகத்தைப் பார்த்து வெளியே தள்ளப்பட்டது. ஃபேனை நிறுத்தியதும் புகை மெல்லத் திரும்பிக் குழாய்க்குள் போனது.

"ஃபேன் வெளியே தள்ளுற காத்துக்குப் பதில் காத்து எங்கிருந்தாவது உள்ளே வரணும்ல அக்கா? கதவு ரப்பர் வெச்ச கதவு, ஜன்னலும் இடுக்கில்லாம மூடுற யுபிவிசி. மிச்சம் இருக்கிற ஒரே ஓட்டை இந்தக் குழாய்தான்" என்றேன். அவர் நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இன்னும் ரெண்டு ரூம்லயும் இப்படித்தான் இருக்கு" என்றார். மூன்றையும் அன்றே கழற்றினோம்.

புகைக்குழாய் இயற்கையாக இழுப்பது சூடான வாயு லேசாகி மேலே ஏறுவதால் மட்டும்தான். மிக மெல்லிய இழுவை அது. சின்ன ஃபேன்கூட அதைத் தோற்கடித்துவிடும். அதனால் குழாய் கீசரிலிருந்து கிளம்பியதும் குறைந்தது இரண்டடியாவது நேராக மேலே போகவேண்டும். பக்கவாட்டில் போகும் பகுதியும் வெளிப்பக்கம் நோக்கி ஏற்றமாகவே இருக்கவேண்டும். வளைவுக்குப் போடும் எல்போ எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கீசர் வாய் அளவைவிடச் சின்னக் குழாயை ரெட்யூசர் போட்டு மாட்டக்கூடாது. பிவிசி குழாய் போட்டிருந்த வீட்டையும் கண்டிருக்கிறேன். சூட்டில் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. முனை வெளியே திறக்கும் இடம் எந்த ஜன்னலுக்கும் கீழே இருக்கக்கூடாது, கூரைச் சரிவுக்குள் ஒளிந்தும் இருக்கக்கூடாது. ஏப்ரல் சீசன் தொடங்கும் முன்னால் முனையில் மைனா கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

கடைகளில் விற்கும் சின்ன கீசர்களில் பெரும்பாலானவற்றுக்குப் புகைக்குழாயே கிடையாது. அவற்றுக்கென ஐஎஸ் 15558 என்ற தரநிலை இருக்கிறது, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்தே வாங்கவேண்டும். ஆனால் அந்த முத்திரை கருவி ஒழுங்காகச் செய்யப்பட்டது என்றுதான் சொல்கிறது. எங்கே தொங்குகிறது என்பதை வீட்டுக்காரரும் என்னைப் போன்றவரும்தான் முடிவு செய்கிறோம். என் முடிவு ஒன்றே ஒன்று: பாத்ரூமுக்கு வெளியே, திறந்த சுவரில். சூடான தண்ணீர் மட்டும் குழாயில் உள்ளே வரட்டும். உள்ளேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

வெளியே என்றதும் இங்கே இரண்டு ஆட்சேபம் வரும். ஒன்று மழை, காற்று. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக அடிக்கும். கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு. அந்தந்த ஊரில் மழை முகம் பார்க்காத சுவராகத் தேர்ந்தெடுத்து, மேலே ஒரு ஷீட் நீட்டிவிட்டால் போதும். இன்னொன்று குரங்கு. அது டியூபை இழுத்துவிடும் என்பது உண்மையான பயம்தான். அதற்காகத் தகரப் பெட்டி செய்து கீசரை உள்ளே பூட்டி வைக்கிறார்கள். வெளியே மாட்டியதன் பலன் அத்தோடு போய்விடுகிறது. நெருப்பு மறுபடியும் மூடிய பெட்டிக்குள். கம்பி வலைக் கூண்டு செய்யுங்கள், நான்கு பக்கமும் காற்று ஓடட்டும். டியூப் கம்பி பின்னிய ரப்பர் டியூபாக இருக்கட்டும், அதையும் ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

உள்ளே மாட்டிய கீசர் ஏற்கெனவே இருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். மாற்றும்வரை அதில் குளிக்காதீர்கள். பக்கெட்டில் சுடுதண்ணீர் பிடித்துக்கொண்டு கீசரை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுக் காற்று மாறிய பிறகு குளியுங்கள். யாராவது உள்ளே மயங்கினால் கதவை உடைத்தாவது திறந்தவெளிக்குத் தூக்கி வந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அதில் 98 காட்டினால் நம்பிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் அது ஆக்சிஜன் உள்ள ரத்தமாகவே படிக்கும். டாக்டரிடம் கீசர் விஷயத்தை நீங்களே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வலிப்பு, சாப்பாடு, மலை மயக்கம் என்று வேறு எதையாவது தேடிக்கொண்டிருப்பார்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்: பாத்ரூமின் வெளிச்சுவரில் கீசருக்கு இடம், தண்ணீர்க் குழாய்க்கு இரண்டு துளை, சிலிண்டர் நிற்கச் சமதளமாக ஒரு மேடை. பூச்சுக்கு முன்னால் இது சின்ன வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகு என்னைக் கூப்பிட்டால், உடைக்க மனம் வராமல்தான் பலரும் "உள்ளேயே மாட்டிடுங்க" என்கிறார்கள்.