இடம் வேறு, மரம் வேறு

மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம் மரநடுகை செய்யும் சிறு குழு ஒன்றுக்கு, வீதியோர மரங்களின் பதிவேட்டைக் கணினியில் செய்துகொடுக்க ஒப்புக்கொண்டேன். ஒரு மரத்துக்கு ஒரு நிரை. பெயர், சுற்றளவு, நட்ட ஆண்டு, நிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். எக்செலில் இரண்டு நாளில் முடித்துவிட்டேன்.

முதலில் பெயர் இடித்தது. வீதி முழுக்க நிழல் விரிக்கும் மரமும் வாகை, காய்ந்த காய்கள் காற்றில் சலசலக்கும் மரமும் வாகை. தாவரவியல் பெயரில் முன்னது சமனியா சமான், பின்னது அல்பிசியா லெபெக். இனங்களுக்குத் தனி அட்டவணை போட்டு, ஓர் இனத்தின் கீழ் எத்தனை ஊர்ப்பெயரும் நிற்கலாம் என்று வைத்தேன். ஊர்ப்பெயரை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அளவிலும் குழப்பம்: அளக்கப் போன பிள்ளைகளில் சிலர் சுற்றளவை எழுதினார்கள், சிலர் விட்டத்தை. நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், தையல் நாடாவால் சுற்றளவு மட்டும் எடுங்கள், 3.14 ஆல் வகுத்து விட்டம் எடுப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். அது சரிவந்தது.

நட்ட ஆண்டுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்த நிரலில் நான்கு இலக்கம் கட்டாயம் என்று வைத்திருந்தேன். பிள்ளைகள் வேறு வழியில்லாமல் எல்லா முதிர்ந்த மரத்துக்கும் 2000 என்று போட்டிருந்தார்கள். ஆனால் பெரியவர்களைக் கேட்டால் திட்டமாகச் சொல்வார்கள்: "சூறாவளிக்கு முந்தினது", "சுனாமிக்குப் பிறகு வைச்சது". 1978 நவம்பர் 23, 2004 டிசம்பர் 26. எங்கள் கரையில் காலத்தை அளக்கும் கோல்கள் அவை. அந்த ஒரு நிரலை இரண்டாக்கினேன்: 'இந்த ஆண்டுக்குப் பின்', 'இந்த ஆண்டுக்கு முன்'. ஒன்று வெறுமையாக இருந்தாலும் ஏற்கும். பொய்யான ஓர் எண்ணைவிட உண்மையான ஓர் எல்லை எவ்வளவோ மேல்.

அப்புறம் மாரிக் காற்றில் ஒரு பூவரசு விழுந்தது. தரவு பதியும் தங்கச்சி அந்த நிரையை அழித்துவிட்டு, அதே இடத்தில் வைத்த வேப்பங்கன்றைப் பதிந்தா. பக்கத்தில் இருந்த பெரியம்மா என்னைக் கேட்டா: "மரம் விழுந்தா இடமும் விழுந்துடுமா, மனே? அதில நாங்க மூணு தரம் வைச்சுட்டம்."

என்னிடம் பதில் இல்லை. மூன்று மரத்தை இழந்த இடம், என் பதிவேட்டில் நல்ல கன்று நிற்கும் இடமாக மட்டுமே தெரிந்தது. அன்றிரவே எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினேன். 'இடம்' ஓர் அட்டவணை. அதற்கு நிலையான இலக்கம், அதை யாரும் அழிக்க முடியாது. 'மரம்' இன்னொன்று, ஓர் இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை மரமும் வரலாம், செத்தால் திகதியும் காரணமும் எழுத வேண்டும். மூன்றாவது 'பார்வை', ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் புதிய நிரை விழும், பழைய அளவு அப்படியே கிடக்கும். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் சில மீற்றர் விலகி, அடுத்த மரத்தில் போய்க் குத்துவதால், 'மதகிலிருந்து எத்தனை எட்டு' என்றும் ஒரு நிரல் வைத்தேன்.

பெரியம்மா சொல்லச் சொல்ல, அந்த இடத்தின் மூன்று பழைய மரங்களையும் பதிந்தோம். இரண்டில் 'காரணம்' நிரலில் ஒரே சொல்: பட்டுப்போனது. அடுத்த சனிக்கிழமை வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் தோண்டிப் பார்த்தார்கள். முழங்கை ஆழத்தில் பழைய மதகின் கொங்கிறீட் கிடந்தது. கன்றை வேரோடு எடுத்து, நான்கு எட்டுத் தள்ளி வைத்தோம்.