அம்மா வைத்த பெயர்

"என்னடி இது, இடியாப்பத் தட்டை அடுக்கி வச்ச மாதிரி இருக்கு?"

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 'தி ஹைவ்' கட்டடத்தைப் பார்த்ததும் அம்மா இன்று கேட்டார்.

தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்து 2015இல் திறக்கப்பட்ட கட்டடம். 12 கோபுரங்கள், மூலையே இல்லாத 56 வகுப்பறைகள். மேலே போகப் போக அகலும் வட்ட அடுக்குகளைப் பார்த்து ஊரே அதைத் 'திம்சம் கூடை' என்கிறது. திம்சம் என்பது மூங்கில் கூடையில் ஆவியில் வேகும் சீனச் சிற்றுண்டி.

அம்மா கிட்டே போய், கான்கிரீட்டில் படுக்கையாக ஓடும் வரிகளைத் தடவிப் பார்த்தார்.

"பிரம்புப் பின்னலேதான்."

இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இடியாப்பம் வாங்கியே வளர்ந்தவள் நான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பலகையில் இருப்பது யாரோ யோசித்து வைத்த பெயர். பட்டப்பெயர் அவரவர் அடுக்களையிலிருந்து வருகிறது.

அங்கே படிக்கும் மகளிடமும் சொல்லிவிட்டேன். இனி எங்கள் வீட்டில் அது இடியாப்பத் தட்டுதான்.