பக்கத்துக் காலி மனையும் ஒரு பாட்டில் தண்ணீரும்

எங்கள் வீட்டுக்கு வடக்கே ஐந்து சென்ட் காலி மனை. வருடக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காமல் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. தெருக் குப்பை முழுக்க அங்கேதான். நடுவில் பழைய சிமென்ட் தொட்டி ஒன்று மூடியில்லாமல் கிடந்தது. போன ஐப்பசியில் எதிர்வீட்டுப் பாப்பா டெங்குவில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நகராட்சியில் மனு கொடுத்தேன். "தனியார் இடம் சார், நாங்க உள்ளே போக முடியாது" என்றார்கள். என் மனுவிலும் குறை இருந்தது. 'வீட்டுக்கு அருகிலுள்ள காலி மனை' என்று மட்டுமே எழுதியிருந்தேன். எந்த மனை, யாருடையது என்று இல்லாத மனு மேசையை விட்டு நகராது.

அப்புறம்தான் என் கிரயப் பத்திரத்தை எடுத்தேன். மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் 'வடக்கே' என்று போட்டுப் பக்கத்து மனைக்காரர் பெயரும் சர்வே எண்ணும் இருந்தன. பதிவுத்துறை இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து வில்லங்கம் (அந்த மனைமீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்த்தேன். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. மனை 2011-ல் கைமாறியிருந்தது. ஆவண எண்ணை வைத்து நகல் வாங்கியதில் புது உரிமையாளரின் முகவரி கிடைத்தது. அங்கே போட்ட கடிதம் ஆள் இல்லையென்று திரும்பி வந்தது.

சரி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். கிளம்புமுன் தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். கொசுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பாட்டிலை அசைத்தால் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய், மறுபடி மூச்சுக்கு மேலே வந்தன. மனுவில் சர்வே எண், உரிமையாளர் பெயர், பாப்பாவின் காய்ச்சல் எல்லாவற்றையும் எழுதினேன். 1939-ம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டப்படி கொசு பெருகும் இடத்தின் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுங்கள் என்று கேட்டேன். மனு வாங்கியவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் சுகாதார ஆய்வாளர் வந்து தொட்டியில் மருந்து ஊற்றினார்.

மனை மட்டும் அப்படியே இருந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, நோட்டீஸ் அனுப்பிய தேதி என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். அதற்கும் அசையாவிட்டால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 152-ம் பிரிவில் (பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் பிரிவு; முன்பு சிஆர்பிசி 133) கோட்டாட்சியரிடம் போக மனு எழுதி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

காலி மனை வரிப் பதிவேட்டில் இருந்த வேறொரு முகவரிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு நாள் மாலை உரிமையாளரே போன் செய்தார். வயதானவர். நடமாட்டம் குறைந்துவிட்டதாம். "குழந்தை இப்ப எப்படி இருக்கு தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். அத்தனை மாதம் அவர்மேல் வைத்திருந்த கோபம் அந்த நிமிடமே போய்விட்டது.

மறுவாரம் அவர் செலவிலேயே ஜேசிபி வந்தது. கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால், வேரோடு பிடுங்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். தொட்டியை உடைத்து மண்ணடித்தார்கள். கேட் சாவி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.