தலை எண்ணும் நாள்

மாதத்தில் இரண்டு நாள் எங்கள் இலங்கை அகதிகள் முகாமில் செக்கிங். பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள் அன்று வேலையை விட்டுவிட்டு இருக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்துப் பெயர் படிப்பார்கள், நாங்கள் குடும்ப அட்டையோடு போய் நிற்போம். அப்பா இருந்தவரைக்கும் இதைப் ‘பெரட்டு’ என்றுதான் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பதற்கு அந்தப் பெயர்.

1990இல் மன்னார்க் கரையிலிருந்து படகேறினோம். எனக்கு 9 வயது. ராமேசுவரம் பக்கத்து மண்டபம் முகாமில் பதிந்த பிறகு, மேலூர் பக்கம் திருவாதவூர் முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். மாணிக்கவாசகர் பிறந்த ஊராச்சே என்று அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆறு பேருக்குப் பத்துக்குப் பத்து அறை ஒன்று. கடையில் போய்ப் ‘பாண்’ கேட்டேன், எங்கள் பேச்சில் அது ரொட்டி, கடைக்கார அண்ணன் பன் எடுத்துக் கொடுத்தார். அன்றே பேச்சை மாற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்டேன்.

வந்த மூன்றாம் மாதம் அப்பா எங்களை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போனார். பதினெட்டாம்படிக் கருப்பு எங்கள் குலசாமி. தாத்தாவுக்கும் முந்தின பூட்டன் இந்தச் சீமையிலிருந்து இலங்கைக் கண்டிக்குத் தோட்ட வேலைக்குப் போனபோது மனதில் சுமந்துபோன சாமி அது. லயம் என்கிற தோட்டக் குடியிருப்பு வரிசைக்குப் பின்னால் ஒரு கல்லை நட்டு அதையே கருப்பு என்று கும்பிட்டிருக்கிறார்கள். அழகர்கோவிலில் கருப்பாகவே கும்பிடுகிற அந்தக் கதவின் முன்னால் அப்பா விழுந்து அழுததை நான் மறக்கவே முடியாது. அங்கிருந்த பெரியவர் ஒருவர், “எந்த வகையறாய்யா நீங்க?” என்று கேட்டார். அப்பா சொன்னதும், “அப்ப நம்ம பங்காளிதான்” என்று திருநீறு பூசிவிட்டார். இந்த மண்ணில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

தோட்டத் தமிழர்களின் ஓட்டு பெருகிவிடும் என்ற பயம் இலங்கையில் சுதந்திரம் வந்த காலத்திலேயே இருந்தது. 1948 சட்டம் எங்கள் சனத்தின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கிடை ஆட்டைக்கூட இப்படிப் பிரிக்க மாட்டார்கள். தாத்தா இலங்கைக்கே மனுப் போட்டார். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். நான் பிறந்தது அங்கேதான்.

இப்போது மேலூர் டீக்கடையில், தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு குறைந்துவிட்டதால் எம்.பி. தொகுதியும் குறைந்துவிடுமோ என்று பேசிக்கொள்கிறார்கள். எண்ணிக்கை சுருங்கினால் குரலும் சுருங்கும் என்ற அந்தக் கவலை எனக்கு ரொம்ப நன்றாகப் புரிகிறது. எங்கள் முகாமிலோ பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. ஓட்டு மட்டும் பிறக்கவில்லை.

1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியர் என்கிறது சட்டம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி, 2022இல் மதுரைக் கிளை நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்ட செய்தியை முகாமே கூடி நின்று பார்த்தது. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தத் தேதிக்குப் பின்னால் பிறந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள், அது மனதுக்கு ஆறுதல்தான்.

என் மகள் மேலூரில் பிறந்தவள். அவள் தமிழில் மதுரை மட்டும்தான் இருக்கிறது. போன வருடம் கல்லூரி விண்ணப்பத்தில் ‘தேசியம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, “அப்பா, இதுல என்ன எழுத?” என்றாள். இலங்கை என்று எழுதச் சொன்னேன். கடலைக்கூட அவள் ராமேசுவரத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். எழுதிவிட்டு, “கருப்பசாமிய எந்த நாட்டுல சேர்ப்பாங்க?” என்று கேட்டாள்.

அடுத்த செக்கிங் வருகிற சனிக்கிழமை. அன்று அவளுக்குப் பரீட்சை. வர முடியாது என்று கடிதம் எழுதி, கல்லூரியில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.